பூப்பல்லக்குக்குச் சேர்த்த பணம்

மூன்று வருடம் இருக்கும். ஆடி மாதம். தண்டையார்பேட்டையில் நாங்கள் குடியிருக்கும் பக்கத்தில் அப்போது ஒரு சின்ன பேங்க் இருந்தது. மூன்று கவுன்டர், ஒரு மேனேஜர் மேஜை, தலைக்கு மேலே ஒரு மின்விசிறி, அவ்வளவுதான். அந்த மின்விசிறி சுற்றும்போது போடுகிற சத்தத்தில் கவுன்டரில் இருப்பவர் கூப்பிடுவது காதில் விழாது.

துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் ரோட்டில், பேங்க்குக்கு எதிரே என் டீக்கடை. கடை என்று நான்தான் சொல்லிக்கொள்கிறேன். ஒரு தள்ளுவண்டி, ஒரு கேஸ் அடுப்பு, மேலே ஒரு தார்ப்பாய். லாரிக்காரர்கள் என் டீக்காக வருவதில்லை என்று எனக்குத் தெரியும், அந்த டீயை நானே குடிப்பதில்லை. என் வாய்க்காக வருவார்கள். யாரையாவது ஏதாவது கிண்டல் பண்ணிக்கொண்டே இருப்பேன். போலீஸ்காரரையும் விட்டதில்லை, பேங்க் மேனேஜரையும் விட்டதில்லை.

அந்த பேங்க்கில் நான் சேர்த்து வைத்திருந்தது என் சாவுக்கான பணம். சிரிக்காதீர்கள். என் வீட்டுக்காரர் போனபோது என் கையில் ஒன்றும் இல்லை. ஒரு மாலை, ஒரு வண்டி, கூட வந்தவர்கள் ஏழு பேர். தெருவில் ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு ஆள் போனால் பேண்டு வாசிக்க வேண்டும், வெடி போட வேண்டும், கானா பாட வேண்டும், பூப்பல்லக்கில் ராஜா மாதிரி உட்கார வைத்துக் கொண்டுபோக வேண்டும். என் ஆளுக்குத்தான் அது கிடைக்கவில்லை, எனக்காவது நடக்கட்டும் என்று அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன். டீ விற்று, வடை விற்று, சீட்டு கட்டி, பதினெட்டு வருடமாகச் சேர்த்தேன். பேண்டுக்காரரிடம் விலைகூடக் கேட்டு வைத்திருந்தேன்.

“எப்போம்மா ஃபங்ஷன்?” என்றார் அவர்.

“தேதி இன்னும் குறிக்கல நைனா. நீ ஃபோன் நம்பர குடுத்துட்டு போ” என்றேன்.

இப்போது பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிடப் பத்து வயது சின்னவள். புருஷன் துறைமுகத்தில் கூலி வேலை பார்த்து, அங்கேயே ஒரு விபத்தில் போய்விட்டான். ஒரு மகள், அப்போது பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு ரவிக்கை தைத்துப் பிழைத்தாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போவாள். எட்டாவது வரைக்கும் படித்தவள். எங்கள் வரிசை வீடுகளில் பெண்களில் படித்தவள் என்றால் அவள்தான். யாருக்கு மனு எழுத வேண்டுமானாலும், எந்தத் தாளைப் படிக்க வேண்டுமானாலும் அவள் வீட்டு வாசலில்தான் நிற்போம்.

நான் கைநாட்டு. அந்த பேங்க்கில் கைநாட்டு வைத்துப் பணம் எடுப்பதென்றால், பேங்க்குக்குத் தெரிந்த ஒருத்தர் ‘இவள்தான் அவள்’ என்று சீட்டில் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். எனக்குச் சாட்சி எப்போதும் அவள்தான். ஆனால் ஒவ்வொரு முறையும் மெஷினை நிறுத்திவிட்டு என் கூட வந்தால் அவள் வேலை கெடும். அதனால் நாங்கள் ஒரு வழி கண்டுபிடித்தோம். பணம் எடுக்கிற சீட்டில் நாலைந்தை வாங்கிவந்து அவளிடம் கொடுப்பேன். வெறும் சீட்டிலேயே அவள் சாட்சிக் கையெழுத்துப் போட்டுத் தந்துவிடுவாள். அதை பாஸ்புக்கோடு பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்துக்கொள்வேன். தேவைப்படும்போது பேங்க்கில் உள்ளவர்களே மிச்சத்தை எழுதிக்கொள்வார்கள், நான் பெருவிரலை வைப்பேன். பேங்க்கிலும் யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். எல்லாரும் என்னிடம் டீ குடிக்கிறவர்கள்தானே.

“படிக்காமயே கையெழுத்து போட்றியேடி, நாளைக்கு உன் வூட்ட எழுதி வாங்கிகினா இன்னா பண்ணுவ?” என்று கிண்டல் பண்ணுவேன்.

“எனக்கு ஏதுக்கா வூடு? வேணும்னா இந்த மெஷின எட்த்துக்கோ” என்று சிரிப்பாள்.

வீட்டைப் பற்றித்தான் அவளுக்கு ஒரு கவலை இருந்தது. அவள் இருந்த வீட்டை ஓனர் விற்கப் போவதாகச் சொல்லிவிட்டார். இரண்டு தெரு தள்ளி ஒரு வீடு லீசுக்குப் பார்த்து வைத்திருந்தாள். மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டால் வாடகை இல்லாமல் மூன்று வருடம் இருக்கலாம். மகள் ஸ்கூல் பக்கம், ரவிக்கை தைக்கக் கொடுக்கிறவர்களும் பக்கம். புருஷன் செத்ததற்கு வந்த பணம் முழுவதும் அதே பேங்க்கில்தான் கிடந்தது. ஆவணி பிறந்ததும் எடுத்துக் கொடுப்பதாக அந்த வீட்டு ஓனரிடம் பேசி முடித்திருந்தாள்.

ஒருநாள் காலையில் பேங்க்கில் வேலை செய்கிற ஒருவர் ஃபிளாஸ்கோடு டீ வாங்க வந்தார். பேப்பர் கட்டுகளைத் தூக்கிப் போவது, டீ வாங்கி வருவது, இதுதான் அவர் வேலை. எப்போதும் என்னோடு வாயாடுகிறவர் அன்றைக்கு ஃபிளாஸ்க் மூடியை மூன்று தடவை திறந்து மூடினார்.

“இன்னா நைனா, வூட்ல சோறு போடலியா?” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. குனிந்து மெதுவாகச் சொன்னார். “ஆயா, உன் துட்ட இன்னைக்கே எட்த்துட்டு பூடு. மேலர்ந்து ஆளுங்க வரப் போறாங்கோ. பேங்க மூடப் போறாங்கோ. யார் கைலயும் சொல்லிடாத, என் வேல பூடும்.”

டீ வடிகட்டியைக் கீழே வைத்தேன். பதினெட்டு வருடம். அவர் மறுபடியும் “சத்தியமா யார் கைலயும் சொல்லாத” என்றார். என் தலையில் நானே அடித்துச் சத்தியம் பண்ணினேன்.

பேங்க் திறந்ததும் முதல் ஆளாகப் போனேன். கவரில் அவள் கையெழுத்துப் போட்ட சீட்டு ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தது. கணக்கு மூடிப்போகாமல் இருக்க ஐநூறு ரூபாயை விட்டுவிட்டு மற்றதெல்லாம் வேண்டும் என்றேன். “இன்னா ஆயா, கல்யாணமா?” என்று கேட்டார் கவுன்டரில் இருந்தவர். “ஆமா, எனக்குத்தான். மாப்ள பாத்துட்டேன்” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். விரலை வைத்தேன், பணத்தை வாங்கினேன், துணியில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டேன்.

வெளியே வந்ததும் அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்தேன். உண்மையாகத்தான் சொல்கிறேன். கடையில் நாலு லாரிக்காரர்கள் நின்றிருந்தார்கள். டீ போட்டேன். சத்தியம் பண்ணிவிட்டோமே என்று நினைத்தேன். அவளிடம் சொன்னால் அவள் சர்ச் சிநேகிதியிடம் சொல்வாள், அந்த அம்மா அடுத்தவளிடம் சொல்வாள், ஊரே வந்து பேங்க் வாசலில் நிற்கும், அந்த ஆளுக்கு வேலை போகும் என்று நினைத்தேன். இப்படி எல்லாம் நல்லதாகத்தான் நினைத்தேன். ஆனால் உள்ளே இருந்தது வேறு. ஊர் கூடிவிட்டால், ‘காலைல நீ மட்டும் எப்டி எட்த்த?’ என்று கேட்பார்களே, கொடுத்ததைத் திருப்பிக் கேட்டுவிடுவார்களோ என்கிற பயம். பேங்க்கில் இருந்து ஒரு தடவை வெளியே வந்த பணத்தை யாரும் திருப்பிக் கேட்கமாட்டார்கள் என்கிற அறிவுகூட எனக்கு இல்லை.

மதியம் அவளே என் கடைக்கு வந்தாள். தோளில் அளவு டேப் தொங்கிக்கொண்டிருந்தது.

“யக்கா, பேங்க்ல இன்னாவோ பிரச்சினன்னு ரவிக்கை வாங்க வந்த அம்மா சொல்லிச்சி. உனக்கு எதுனா தெரியுமா? எதுக்க தான கடை வெச்சினுகீற. நான் போயி துட்ட எட்த்துடட்டுமா?”

அப்போது மணி ஒன்று இருக்கும். பேங்க் மூட இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. என் இடுப்பில் பணம் உறுத்திக்கொண்டிருந்தது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா?

“அட போடி. அந்த பேங்க்காவது கவுர்றதாவது. உள்ள தொங்கிகினு கீற ஃபேன பாத்திருக்கியா? பத்து வருசமா இப்ப உழுவேன் அப்ப உழுவேன்னு ஆடிகினு கீது. அதுவே உழல, பேங்க் எங்க உழப் போவுது?”

அவள் சிரித்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டு நன்றாகவே சிரித்தாள். “உன் வாய் கீதே” என்று சொல்லிக்கொண்டே ஒரு வடையை எடுத்துக் கடித்தபடி வீட்டுக்குப் போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் மெஷின் சத்தம் கேட்டது.

மறுநாள் காலையில் பேங்க் ஷட்டர் பாதிதான் திறந்திருந்தது. வாசலில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். அவள்தான் சத்தமாக எல்லாருக்கும் படித்துக் காட்டினாள். பேங்க்கை நடத்தியவர்கள் தங்கள் சொந்தக்காரர்களுக்கே கடனை வாரிக் கொடுத்து, அது திரும்பி வரவில்லையாம். இனிமேல் பேங்க்கை அரசாங்கம் அனுப்பிய அதிகாரி பார்த்துக்கொள்வாராம். ஒரு கணக்குக்குக் கொஞ்சம் பணம்தான் தருவார்களாம், மிச்சம் எப்போது என்று பிறகுதான் சொல்வார்களாம். பாதியில் அவள் நிறுத்திவிட்டாள். மீதியைப் படிக்கச் சொல்லிக் கூட்டம் சத்தம் போட்டது. அவளும் கடைசி வரி வரைக்கும் படித்தாள்.

கூட்டத்தில் ஒருத்தி கேட்டாள். “ஆயா, உன் பூப்பல்லாக்கும் மாட்டிகிச்சா?”

“மாட்டிகிச்சிடி” என்றேன். “இனிமே நான் சாவவே முடியாது. துட்டு வர்ற வரைக்கும் உங்க உயிரத்தான் வாங்கப் போறேன்.”

அழுதுகொண்டிருந்தவர்கள்கூடச் சிரித்தார்கள். அந்த ஒரு வாயாடலோடு நானும் பணம் போனவர்களில் ஒருத்தி ஆகிவிட்டேன். அதற்கப்புறம் அதிலிருந்து வெளியே வர வழி இல்லை.

பணம் என் வீட்டு அரிசி ட்ரம்மில் இருந்தது. ஆவணி பிறந்தது. ஒருநாள் அவள் என் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தாள். லீசு வீட்டு ஓனர் பதினைந்து நாள்தான் பொறுப்பாராம். “யக்கா, உங்கிட்ட எதுனா கீதா? நகை கிகை எதுனா? பேங்க் துட்டு வந்ததும் குட்த்துட்றேன்” என்றாள். அவள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து நாலடியில் ட்ரம்.

“எங்கிட்ட இன்னாடி கீது? என் துட்டும் அங்கதான மாட்டிகினு கீது” என்றேன்.

“ஆமால்ல, மறந்தே பூட்டேன். உனக்கே பேஜாரு” என்று சொல்லி எனக்கு ஆறுதலாக முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனாள். அன்றைக்குச் சோறு வடிக்க அரிசி அள்ள ட்ரம்மைத் திறக்கவே எனக்குப் பிடிக்கவில்லை. ஹோட்டலில் இட்லி வாங்கிச் சாப்பிட்டேன்.

செவ்வாய்க்கிழமைதோறும் அதிகாரி உட்காருவார். எல்லாரும் பாஸ்புக்கோடு வரிசையில் நிற்க வேண்டும். நானும் கடையை மூடிவிட்டுப் போய் நின்றேன். நிற்காவிட்டால் சந்தேகம் வந்துவிடுமே. பாஸ்புக்கைக் கவரோடு கையில் வைத்திருப்பேன், திறக்கமாட்டேன். பேங்க்கைப் பற்றி, மேனேஜரைப் பற்றி, கடன் வாங்கிப்போனவர்களைப் பற்றி ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்துக்கொண்டே இருப்பேன். என் முறை வரும்போது பின்னால் நிற்கிற ஒரு பெரியவருக்கு விட்டுக்கொடுத்துவிட்டு வரிசையின் கடைசிக்குப் போய்விடுவேன், மறுபடி என் முறை வருவதற்குள் நேரம் முடிந்துவிடும். எண்ணூர்ப் பக்கம் ஒரு ஃபாக்டரியில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர், கால் வீங்கியிருக்கும். “நீ போ நைனா, எனக்கு இன்னா அவசரம்” என்பேன். அவர் கையெடுத்துக் கும்பிடுவார். “ஆயாவுக்கு இன்னா மனசு பாரு” என்பார்கள். நானும் கேட்டுக்கொண்டு நிற்பேன்.

நாலாவது செவ்வாய்க்கிழமை என்று நினைக்கிறேன். வரிசையில் அவள் எனக்கு நாலு பேர் முன்னால் நின்றாள். அதிகாரி ஒரு அம்மா. வெளியூர்க்காரர், அதிர்ந்து பேசாதவர். மேஜைமேல் பழைய சீட்டுகளை நூல் கட்டி வைத்திருந்தார். அவள் பெயரைக் கேட்டதும் ஒரு சீட்டை உருவி எடுத்தார்.

“இந்தச் சாட்சிக் கையெழுத்து உங்களோடதாம்மா?”

“ஆமாம்மா, என்னுதுதான்.”

“கைநாட்டுக் கணக்குகள்ல நிறைய தில்லுமுல்லு நடந்திருக்கு. அவங்களுக்கே தெரியாம யாரோ விரலை வெச்சுப் பணம் எடுத்திருக்காங்க. அதனால ஒவ்வொரு சாட்சியையும் கேட்டுக்கிட்டு வர்றேன். இது பேங்க்கை மூடுறதுக்கு முதல் நாள் பணம் எடுத்த சீட்டு. இவங்க உங்க முன்னாலதான் விரல் வெச்சாங்களா? அடுத்தவங்க கணக்கு, நான் பேரைச் சத்தமா சொல்லக் கூடாது. நீங்களே படிச்சுப் பாருங்க.”

அவள் சீட்டைக் கையில் வாங்கினாள். என் பெயர், தேதி, தொகை எல்லாம் அதில் இருக்கிறது. அவளுக்குப் படிக்கத் தெரியும். எவ்வளவு நேரம் பார்த்தாள் என்று தெரியாது. அவள் திரும்பி என்னைப் பார்க்கப் போகிறாள் என்று நினைத்தேன். திரும்பவில்லை. அவள் திரும்பினால் எல்லாரும் திரும்புவார்கள் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. சீட்டைத் திருப்பி மேஜைமேல் வைத்தாள்.

“கையெழுத்து என்னுதும்மா. அவங்க துட்ட அவங்கதான் எட்த்தாங்க. அதுல கோல்மால் ஒண்ணும் கிடையாது” என்றாள்.

ஆனால் வரிசையில் நின்றவர்களுக்கு ‘முதல் நாள்’ என்ற வார்த்தை காதில் விழுந்துவிட்டது. முன்னால் நின்ற கருவாட்டுக்காரி கத்த ஆரம்பித்தாள்.

“இன்னாது, மூட்றதுக்கு மொத நாளா? ஏமே, அப்ப உனுக்கு முன்னாடியே தெரியுமா? சொல்லுமே, யாருக்கு கையெழுத்து போட்ட?”

“எனக்குத் தெரியாது, உடு.”

“தெரியாதா? சாட்சி போட்டவளுக்குத் தெரியாதா? சர்ச்சுக்குப் போற, சாமி கும்புட்ற, நாங்கல்லாம் ரோட்ல நிக்க சொல்லோ ஒரு வார்த்த சொல்லக் கூடாது?”

“எனக்குத் தெரிஞ்சிருந்தா என் துட்ட எட்த்திருக்க மாட்டேனா?”

“எட்த்திருப்ப! எட்த்துட்டு எங்களோட லைன்ல நின்னு டிராமா காட்டிகினு கீற!”

இது எனக்கு வர வேண்டிய பேச்சு. ஆனால் சொன்னவளுக்குத் தெரியாது, வாங்கிக்கொண்டவளும் நான் இல்லை. ஆளாளுக்கு ஏச ஆரம்பித்தார்கள். அதிகாரியம்மா எழுந்து அமைதியாக இருக்கச் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை. “யாருன்னு சொல்லு” என்று ஒருத்தி அவள் கையைப் பிடித்து இழுத்தாள். அவள் சொல்லவே இல்லை. நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? தலையைத் தூக்கி அந்த மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது விழாமல் ஆடிக்கொண்டிருந்தது. இதை எழுதச் சொல்லும்போதுகூட எனக்குக் கூசுகிறது. வாயை விற்றே பிழைத்தவள், வாய் திறக்க வேண்டிய நேரத்தில் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவள் கையை விடுவித்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தாள். வழியில் நான் நின்றிருந்தேன். என் பக்கத்தில் வந்ததும் நின்றாள்.

“நகர்க்கா. வழி உடு” என்றாள். பஸ்ஸில் இறங்குகிறவள் சொல்வது மாதிரி, அவ்வளவுதான். கோபம்கூட இல்லை.

நான் நகர்ந்தேன். அவள் படியில் கால் வைத்த பிறகுதான் எனக்கு வாய் வந்தது. பெருவிரலைத் தூக்கிக் காட்டினேன்.

“அது என் வெரலு” என்றேன். “அந்தத் துட்ட எட்த்தது நான்தான்.”

அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள்.

ஆமாம். சிரித்தார்கள். கருவாட்டுக்காரி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். “பாத்தியா ஆயாவ! அவள காப்பாத்த எப்டி எட்த்து உட்து பாரு!”

“ஜோக் இல்லடி. நெசமாத்தான் சொல்றேன்.”

“பேண்டு செட்டுக்கு அட்வான்ஸ் குட்த்துட்டியா ஆயா?” என்று பின்னால் இருந்து ஒருவர் கேட்டார். மறுபடியும் சிரிப்பு.

அப்போது நானும் கூடச் சேர்ந்து சிரித்திருந்தால் தப்பித்திருப்பேன். ஒன்றும் மறைக்கப் போவதில்லை; என் உதடு சிரிக்கப் பார்த்தது. நாற்பது வருடப் பழக்கம். வாசலைப் பார்த்தேன். அவள் படியிலேயே நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மட்டும்தான் சிரிக்கவில்லை.

கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு மேஜைக்குப் போனேன். கவரிலிருந்து பாஸ்புக்கை எடுத்து அதிகாரியம்மா முன்னால் வைத்தேன்.

“படிம்மா. கடசி வரிய சத்தமா படி. என் கணக்கு, நானே சொல்றேன், படி.”

அந்த அம்மா என்னை ஒரு முறை பார்த்துவிட்டுப் படித்தார். தேதியைப் படித்தார். எடுத்த தொகையைப் படித்தார். மிச்சம் ஐநூறு ரூபாய் என்று படித்தார். அதற்கப்புறம் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

“வெறும் சீட்ல அவ கையெழுத்து போட்டு வெச்சிருந்தா. என்ன நம்பி போட்டா. அன்னைக்கி அவ இங்க வரவே இல்ல. அவளுக்கு ஒண்ணும் தெரியாது” என்றேன். யார் உனக்குத் தகவல் சொன்னது என்று அந்த அம்மா கேட்டார். அதை மட்டும் சொல்லவில்லை. என் மூக்குக்கே வாசனை தெரிந்தது என்றேன். அந்த ஒரு சத்தியத்தையாவது காப்பாற்ற வேண்டும் என்று தோன்றியது.

கருவாட்டுக்காரி என்னை ஏசுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் வாய் எனக்குத் தெரியும். ஏசவில்லை. காலடியில் வைத்திருந்த கூடையை எடுத்து எனக்கு அந்தப் பக்கம் வைத்தாள், அவ்வளவுதான். கால் வீங்கிய பெரியவர்தான் கேட்டார்.

“அப்ப நீ வாரா வாரம் எனக்கு எடம் விட்டுக்குடுத்தது?”

பதில் அவருக்கே தெரிந்துவிட்டது. தலையைக் குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டார். அவர் ஏன் குனிய வேண்டும்? குனிய வேண்டியவள் நான்.

அன்றைக்கே ட்ரம்மில் கைவிட்டுப் பணத்தை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். நோட்டெல்லாம் அரிசி மாவு ஒட்டி வெள்ளையாக இருந்தது. அவள் தைத்த ரவிக்கைகளுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தாள். மடியில் வைத்தேன். அவள் அதைத் தரையில் எடுத்து வைத்தாள்.

“லீசு வூடு போன வாரமே வேற ஆளுக்குப் பூட்சிக்கா. இப்ப இத வெச்சி இன்னா பண்றது?”

“வேற வூடு பாக்கலாம்டி.”

அவள் ஊசியைக் கொக்கியில் விட்டு இழுத்தாள். நூலைக் கடித்து அறுத்துவிட்டுச் சொன்னாள்.

“துட்டு எட்த்தது தப்பில்லக்கா. உன் துட்டு, நீ எட்த்த. யாருக்கும் சொல்லாதன்னு சத்தியம் வாங்கியிருப்பாங்க, அதுவும் புரியுது. ஆனா நான் வந்து கேட்டேன்ல? எதுர்ல நின்னு கேட்டேன்ல? என்ன சிரிக்க வெச்சி அனுப்பிட்டியே.”

அடுத்த ரவிக்கையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். மகள் உள்ளே படித்துக்கொண்டிருந்தாள். நான் பணத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்த மாதக் கடைசியில் அவர்கள் வீட்டைக் காலி பண்ணினார்கள். வள்ளூர்ப் பக்கம், கரண்டு எடுக்கிற ஆலைக்கு அருகில் குறைந்த வாடகைக்கு ஒரு வீடு கிடைத்தது. துணியைக் கொடியில் போட்டால் சாம்பல் படியும் இடம். தையல் மெஷினை மினி லாரியில் ஏற்றும்போது நானும் ஒரு பக்கம் பிடித்தேன். பிடிக்க விட்டாள். பிளஸ் டூ முடிகிற வரைக்கும் அந்தப் பெண் தினம் ரயிலில் வந்து போனது. எங்கள் பக்கத்து ரவிக்கைக்காரர்கள் எல்லாம் வேறு தையல்காரியைப் பிடித்துக்கொண்டார்கள். சில மாதங்கள் கழித்து அவள் பணம் முழுசாக வந்தது. எல்லாருக்கும்தான் வந்தது. ஆனால் வீடு வரவில்லை, வாடிக்கை வரவில்லை.

எங்கள் எல்லாருக்கும் வேறு ஒரு பேங்க்கில் கணக்கு போட்டுக் கொடுத்தார்கள். அங்கே விரல் வைக்கிற மெஷின் இருக்கிறது. அது என் விரலை ஏற்றுக்கொள்வதில்லை. அடுப்பிலும் எண்ணெயிலும் ரேகை எல்லாம் தேய்ந்துவிட்டதாம். “என் வெரல் பண்ண வேலைக்கு அது தேஞ்சதே நல்லது” என்று அந்த பேங்க்கில் சொன்னேன். அவர்களுக்குப் புரியவில்லை, சும்மா சிரித்தார்கள். மெஷின் ஏற்காவிட்டால் பழையபடி சீட்டு, பழையபடி சாட்சி.

போன மழைக்கு முன்னால் வண்டிக்குத் தார்ப்பாய் மாற்றப் பணம் எடுக்க வேண்டியிருந்தது. யாரிடம் சாட்சி கேட்பது? எங்கள் வரிசையில் கேட்டால் யாராவது போட்டிருப்பார்கள். நான் ரயிலேறி அவளிடம் போனேன். ஏன் போனேன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. வாசலில் என்னைப் பார்த்ததும், “வாக்கா, குந்து” என்றாள். டீ கொடுத்தாள். என் டீயைவிட நன்றாக இருந்தது. மகள் நர்சிங் படிப்பதாகச் சொன்னாள். சீட்டை எடுத்து நீட்டினேன்.

முன்பெல்லாம் என்றால் மெஷினை மிதித்தபடியே இடது கையால் தாளைப் பிடித்துக்கொண்டு கிறுக்கிவிடுவாள். இப்போது மெஷினை நிறுத்தினாள். கண்ணாடியை எடுத்துத் துடைத்து மாட்டிக்கொண்டாள். தேதி எங்கே என்று கேட்டாள். தொகை எவ்வளவு என்று கேட்டு அவளே எழுத்தில் எழுதினாள். பிறகு மேலிருந்து கீழே வரைக்கும் வாய்விட்டுப் படித்தாள். என்னைத் தன் முன்னாலேயே விரல் வைக்கச் சொன்னாள். மை காய்கிற வரைக்கும் பார்த்துவிட்டு, அதற்கப்புறம்தான் கையெழுத்துப் போட்டாள்.

அதிலிருந்து இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை போகிறேன். ஒவ்வொரு முறையும் இப்படித்தான். குத்திக்காட்டுவதற்காகச் செய்யவில்லை, எனக்குத் தெரியும். வெறும் சீட்டில் இனிமேல் அவள் யாருக்கும் கையெழுத்துப் போடுவதில்லை.

பூப்பல்லக்கு ஆசை போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். இன்னும் இருக்கிறது. பேண்டுக்காரர் நம்பரும் இருக்கிறது. ஆனால் இப்போது அந்த ஊர்வலத்தை நினைக்கும்போதெல்லாம், பின்னால் வருகிற கூட்டத்தில் அவள் இருப்பாளா என்றுதான் முதலில் தேடுகிறேன்.

நான் சொல்லச் சொல்ல, லீவுக்கு வெளியூரிலிருந்து வந்திருக்கிற என் மகள் வயிற்றுப் பேத்திதான் இதை எழுதினாள். “இதெல்லாம் பத்திரிகைக்குப் போகணுமா ஆயா?” என்றாள். போகட்டும் என்றேன். எழுதி முடித்ததும் ஒரு தடவை மேலிருந்து கீழே வரை சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். வள்ளூரில் அவள் கண்ணாடி போட்டுக்கொண்டு என் சீட்டைப் படிக்கும்போது நான் எப்படி ஒரு கிண்டலும் பண்ணாமல் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேனோ, அப்படியே உட்கார்ந்து கேட்டேன்.